தெய்வாத்தாள் காம்பவுண்டில் பேச்சுக்குப் படம் முளைத்தது

திருப்பூருக்குத் தெற்கே, பனியன் கம்பெனிகளின் சைரன் சேவலின் கூவலை எப்போதோ விழுங்கிவிட்ட வெள்ளைக்கரடு என்ற பேட்டையில், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை காலை, காம்பவுண்டின் சொந்தக்காரி தெய்வாத்தாள் மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏழாம் நம்பர் வீட்டைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து திட்டு வருவதற்கு ஒரு நொடி முன்னால், பாலில் ஆடை எழும்புவது போல, வெள்ளையாக, உப்பலாக, கீழே சின்ன வாலோடு ஒரு பொட்டலம் எழும்பி, அவள் கொண்டைக்கு மேலே போய் நின்றது. பொட்டலத்துக்குள் ஒரு படம் இருந்தது. படத்தில் தெய்வாத்தாள் விளக்குமாற்றால் ஐந்து பெண்களை கேட்டுக்கு வெளியே கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு மட்டும் கத்தரிக்காய் அளவுக்கு இருந்தது.

"இதென்ன கருமம்," என்று கேட்டதும் இன்னொரு பொட்டலம் வந்து முதல் பொட்டலத்தை முட்டியது. தெய்வாத்தாள் விளக்குமாற்றைத் திருப்பி இரண்டையும் குத்தினாள். டப், டப் என்று உடைந்து ஈர மை வாசனை அடித்தது. தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது, ஆச்சரியப்பட நேரமில்லை. விட்ட இடத்திலிருந்து திட்டி முடித்துவிட்டு, மோட்டாரை நிறுத்தப் போனாள்.

அவள் ஏன் திட்டினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏழாம் நம்பரில் ஒடிசாவிலிருந்து வந்த ஐந்து பெண்கள் குடியிருந்தார்கள். அவர்களில் மூத்தவளுக்கு இருபத்தொன்பது வயது, பெயர் ஜோச்னா; காம்பவுண்டின் நாக்கு அந்தப் பெயரை ஒரே வாரத்தில் யோசனை ஆக்கிவிட்டது. யோசனை பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். குழல் விளக்கின் கீழே நின்று, பழுதுள்ள பனியனில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. "சீக்கிரம்", "பீஸ்", "லேட்டு" என்ற மூன்று சொற்களுக்கு மேல் அவளுக்குத் தமிழ் தேவைப்பட்டிருக்கவில்லை. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே தொட்டியடிக்கு வருவாள், தெய்வாத்தாளைப் பார்ப்பாள், தலையைக் குனிந்து, நுரை வாயோடு மரியாதையாக ஒரு சொல் சொல்வாள். அந்தச் சொல் தெய்வாத்தாளின் காதில் "மூஞ்சீ!" என்று விழுந்தது. எட்டு மாதமாக, ஒரு நாள் தவறாமல், தன் சொந்தக் காம்பவுண்டில், தன் சொந்தத் தொட்டியடியில், வெறும் மூஞ்சி என்று அழைக்கப்பட்டவள் எவ்வளவுதான் பொறுப்பாள்? கார்த்திகை முதல் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள்.

அதே தொட்டியடியில் அதே யோசனையின் வாயிலிருந்து இன்னொரு சொல் இன்னொரு காதில் வேறு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அந்தக் காது தெய்வாத்தாளின் தம்பி மயில்வாகனத்துடையது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட தெய்வாத்தாள் தூக்கி வளர்த்த தம்பி, முப்பத்தாறு வயது, பிரிண்டிங் பட்டறையில், வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் பனியன்களுக்குக் கார்ட்டூன் வரைபவன். குடை பிடித்த எருமை அவன் வரைந்ததுதான். இளவயதில் பத்திரிகைகளுக்கு அனுப்பிய நகைச்சுவைப் படங்கள் எல்லாம் "சிரிப்பு வரவில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்ததிலிருந்து அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். காலையில் தொட்டியடியில் யோசனையிடம் மட்டும், "தண்ணி வந்துருச்சுங்களா?" என்று கேட்பான். குழாய்ச் சத்தத்தில் அவள் நிமிர்ந்து, "கணோ?" என்பாள். அது அவனுக்குக் "கண்ணு?" என்று கேட்டது. அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல், காது மடல் சிவக்க வீட்டுக்குள் போய்விடுவான். மறுநாள் அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே, தண்ணீர் கண்ணெதிரே கொட்டிக்கொண்டிருந்தாலும், தண்ணி வந்துருச்சுங்களா என்று கேட்பான்.

இப்படி ஒரே வீட்டில் அக்காவுக்குக் கசப்பும் தம்பிக்கு இனிப்புமாக இருந்த நேரத்தில்தான் பொட்டலங்கள் வந்தன. அன்று மதியத்துக்குள் பேட்டை முழுவதும் வந்துவிட்டன. பத்திரிகைக்காரர்கள் ஏதேதோ நல்ல பெயர் வைத்தார்கள். பேட்டைக்கு அது பொட்டலம்தான். யார் எந்த மொழியில் பேசினாலும் பொட்டலத்துக்குள் எழுத்து வரவில்லை, படம்தான் வந்தது; எல்லாப் படத்திலும் எல்லாருக்கும் கத்தரிக்காய் மூக்கும், கைக்கு நாலு விரலும் இருந்தன. ஏன் வந்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை, இருப்பதை வைத்து எப்படிப் பிழைப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. மின்விசிறிக்குக் கீழே பேசினால் பேச்சு நறுக்கப்பட்டு மூலைக்கு மூலை பறந்ததால் கம்பெனிகளில் விசிறியை நிறுத்திவிட்டுப் பேசினார்கள், அல்லது பேச்சை நிறுத்திவிட்டு விசிறியைப் போட்டார்கள். டவுன்பஸ் கண்டக்டர், "படியில நிக்கறவங்க வாயத் தொறக்காதீங், டிரைவருக்கு கண்ணாடி மறைக்குது," என்று சொல்ல, அவர் சொன்னதே போய்க் கண்ணாடியை மறைத்தது. மழைப் படம் வந்து உட்கார்ந்திருப்பவர் தலையை மறைத்ததால், முடிவெட்டுகிறவர் கடையில் வானிலை பற்றிப் பேசுவதை விட்டார். வார்டு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசிய ஒருவரின் தலைக்கு மேல் வந்த பொட்டலங்கள் எல்லாம் காலியாக இருந்தன. அவருடைய ஆட்கள் ஏணி வைத்து ஏறி, உள்ளே ஒரு பாலம் வரையப் பார்த்தார்கள்.

மயில்வாகனம் மட்டும் முதல் பொட்டலத்தைப் பார்த்ததுமே, தன் கையெழுத்தைக் கண்டவன் போல வெளிறிப்போனான். "அக்கா, இது என்ற கோடு," என்றான். பேட்டையும் கண்டுபிடித்துவிட்டது. மூக்கு விஷயமாகப் பேச ஒரு கூட்டமே வீட்டு வாசலில் வந்து நின்றது.

"என்ற சம்சாரத்துக்காவது கொஞ்சம் சின்னதாப் போட்டுக் குடு தம்பி."

"நான் வரையறதில்லீங்க. என்ற கைய மாதிரி எதுவோ வரையுது."

"அப்பக் கையக் கண்டிச்சு வை."

ஆனாலும் வாழ்நாள் முழுவதும் காமிக்ஸ் படித்தவன் பேட்டையிலேயே அவன் ஒருவன்தான் என்பதால், பொட்டலத்தின் இலக்கணம் அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. ஓரம் வழவழவென்று இருந்தால் பேசுகிறோம், முள் முள்ளாக இருந்தால் கத்துகிறோம் என்று சொல்லிக்கொடுத்தான். "மேகம் மாதிரி சுருள் சுருளா வந்து, வாலுக்குப் பதிலா சின்னச் சின்ன உருண்டையா இருந்தா, அது நினைக்கறதுங்க," என்று சொல்லி நிறுத்தினான். கூட்டத்தில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் தலையைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

நினைப்பு மேகம் வந்த முதல் காலை, தெய்வாத்தாள் தொட்டியடியில் நின்று காலைச் சாப்பாட்டை நினைத்தாள். காம்பவுண்டில் எல்லாரிடமும் காலையில் இட்லி, இரண்டு வகைச் சட்னி என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். மேகத்தில் வந்ததோ ஒரு குண்டான், நேற்றைய சோறு, தண்ணீர், மோர், நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். அவசரமாகக் கையை வீசிக் கலைக்கப் பார்த்தவள், எதிரே நுரை வாயோடு நின்ற யோசனையின் தலைக்கு மேலேயும் ஒரு மேகத்தைக் கண்டாள். அதிலும் ஒரு குண்டான், நேற்றைய சோறு, தண்ணீர், வெங்காயம், மிளகாய். மோருக்குப் பதில் தயிர். ஓரத்தில் கொஞ்சம் சுட்ட கத்தரிக்காய். இரண்டு மேகமும் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டு பெண்களும் திருடப்போன இடத்தில் சந்தித்துக்கொண்டவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அப்போதுதான் யோசனை வழக்கம்போலத் தலையைக் குனிந்து அந்தச் சொல்லைச் சொன்னாள். தெய்வாத்தாள் விளக்குமாற்றை எடுப்பதற்குள் பொட்டலம் வந்துவிட்டது. உள்ளே ஓலைக் கூரை போட்ட வீடு. வாசலில் ஒரு அம்மாள், அவள் மடியில் குட்டி யோசனை. அம்மாளின் தோளில் கைபோட்டபடி, அதே சாடை, அதே கொண்டை, கொஞ்சம் இளைய ஒருத்தி. அந்த இளையவளின் இடுப்பில் மோட்டார் ரூம் சாவி தொங்கியது.

"சாவி என்றது," என்றாள் தெய்வாத்தாள் மெதுவாக. "அப்ப அது நானு. இது யாரு? உங்கம்மாவா?" கையால் மடியைக் காட்டிக் கேட்டாள்.

"மா," என்றாள் யோசனை அந்த அம்மாளைக் காட்டி. பிறகு இளையவளைக் காட்டி, நுரையைத் துப்பிவிட்டுத் தெளிவாகச் சொன்னாள். "மாஉசீ."

"சின்னம்மாவா? எட்டு மாசமா என்னைய சின்னம்மான்னா கூப்பிட்ட?" தெய்வாத்தாள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சந்தேகத்தோடு நிமிர்ந்தாள். "பெரியம்மா இல்லையே? சின்னம்மாதானே?"

காலி செய்வது பற்றிய பேச்சு அன்றோடு நின்றது. அன்று மாலையே ஏழாம் நம்பர் வீட்டுக்குத் தனிக் குழாய் இழுத்தாயிற்று. கம்பெனியிலிருந்து வரும் யோசனையைத் தெய்வாத்தாள் கேட்டிலேயே நிறுத்தி, "என்னனு கூப்பிடுவ, இன்னொருக்காச் சொல்லு அம்மிணி," என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் அவளை அப்படி அழைத்ததில்லை. அழைக்க ஆள் இருந்ததில்லை.

மயில்வாகனத்துக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். மறுநாள் காலையில் அவன், "தண்ணி வந்துருச்சுங்களா?" என்றான். அவள், "கணோ?" என்றாள். கண்ணு என்பதற்கு என்ன படம் வரும் என்று ஆசையாக நிமிர்ந்து பார்த்தான். பொட்டலம் கொள்ளாத அளவுக்கு ஒரு கேள்விக்குறி இருந்தது. அதன் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய முகம், கத்தரிக்காய் மூக்கோடு. அவள் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது "என்ன?" என்று மட்டும்தான்.

அவன் வீட்டுக்குள் போய், ஏற்றுமதி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. பட்டறைக்கு அப்படியே போனான், டீக்கடையில் அப்படியே நின்றான். நினைப்பு வெளியே தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் நினைப்பு அதிகமாக இருந்ததால், பெட்டியின் ஒட்டுகள் வழியாகக் குட்டிக் குட்டி மேகங்களாகக் கசிந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் யோசனை. யோசனை பல் துலக்குகிறாள், யோசனை குடத்தைத் தூக்குகிறாள், யோசனை கேள்விக்குறியாக வளைந்து நிற்கிறாள். அவன் நடந்த வழியெல்லாம் சோளப்பொரி போல அந்த மேகங்கள் சிதறிக் கிடக்க, கூட்டுகிறவர்கள் ஒதுக்கிவிட்டுக் கூட்டினார்கள்.

மூன்றாம் நாள் மாலை யோசனை வந்து அட்டைப்பெட்டியைத் தட்டினாள். ஓட்டை வழியாக இரண்டு கண்கள் பார்த்தன. அவள் கையில் செக்கிங்கில் கழித்துவிட்ட ஒரு குழந்தைப் பனியன். அதில் குடை பிடித்த எருமை. குடைக்கம்பைப் பிடித்திருந்த நாலு விரலை அவள் காட்டினாள். பிறகு, கசிந்து நின்ற ஒரு மேகத்துக்குள் இருந்த தன் படத்தின் கையிலும் நாலு விரலைக் காட்டினாள்.

"துமொர?" என்றாள். பொட்டலத்தில் அவன் உட்கார்ந்து எருமை வரைந்துகொண்டிருந்தான்.

பெட்டி மேலும் கீழும் ஆடியது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த எருமையைப் பார்க்கும்போதெல்லாம் கம்பெனியில் அவள் இப்படித்தான் சிரிப்பாள். "சிரிக்காதே," என்று சூப்பர்வைசரிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள். சிரிப்புக்குப் படம் வரவில்லை, வெறும் வெள்ளைப் பொட்டலங்களாகப் பொங்கிப் பொங்கி வந்து அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்தன.

"நெசமாவே சிரிப்பு வருதுங்களா?" என்று கேட்டான் மயில்வாகனம், வெறும் தலையோடு.

அதற்குப் பிறகு அவர்கள் பொட்டலத்தை நம்பவில்லை. பொட்டலம் வாயிலிருந்து தானாக வருவது, யோசித்து வராது என்பது இருவர் எண்ணமும். அட்டைப்பெட்டியைக் கிழித்து, நாலு கட்டம் போட்டு, ஒருவர் வரைந்து மற்றவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகினார்கள். அவளுக்குக் கோடு சரியாக வராது. அவள் வரைந்த மனிதர்கள் எல்லாம் நட்டுவைத்த ஊதுபத்தி போல இருந்தார்கள். ஆனாலும் அவனுக்குப் புரிந்தது. வெள்ளம் வரும் ஆற்றங்கரையில் அவள் ஊர். அவள் அப்பா இறந்துபோனது. வெள்ளத்தில் மேட்டில் ஏறி நின்ற எருமைக்கு அவள் சித்தப்பா ராத்திரி பகலாக உண்மையாகவே குடை பிடித்துக்கொண்டு நின்றது. அவள் சிரித்ததன் காரணம் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் தன் முறைக்கு, பத்திரிகைகளிடமிருந்து திரும்பி வந்த தபால்களை வரைந்தான், அக்கா தன்னைத் தூக்கிக்கொண்டு பனியன் கம்பெனி வேலைக்குப் போனதை வரைந்தான்.

ஒரு நாள் அவள் ஒரே கட்டம் மட்டும் வரைந்து, செருகாமல் கையில் கொடுத்தாள். ஒரு குடை, அதன் கீழே சேலை கட்டிய ஊதுபத்தி ஒன்று, வேட்டி கட்டிய ஊதுபத்தி ஒன்று.

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எருமை எங்கீங்க?"

அவள் அவனை விரலால் குத்திக் காட்டினாள்.

விஷயம் தெரிந்ததும் தெய்வாத்தாள் கோபப்படவில்லை, கணக்குப் போட்டாள். தொட்டியடியில் இருவரையும் நிறுத்தி, காம்பவுண்டு முழுக்க வேடிக்கை பார்க்க, சந்தோஷத்தில் குரல் உடைய அறிவித்தாள். "நான் இவளுக்குச் சின்னம்மா. இவன் என்ற கூடப்பிறந்தவன். அப்ப இவளுக்கு இவன் தாய்மாமன்! முறைன்னா இப்படியில்ல அமையோணும்!" அவள் பொட்டலத்தில், யோசனையின் அம்மா, தெய்வாத்தாள், மயில்வாகனம் மூவரும் ஒரே தொட்டிலில் படுத்திருந்தார்கள், அடுத்த மூலையில் அந்த மயில்வாகனம் மாலையும் கழுத்துமாக யோசனை பக்கத்தில் நின்றான்.

யோசனை முகம் மாறியது. "மாமு?" என்றாள். "மாமு! சீ! சீ!" அவள் பொட்டலத்தில் ஒரு தாய்மாமன் குட்டி யோசனையைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போனான், அடுத்து அவனே மாலை போட்டு வர, ஊரே கல்லெடுத்தது. அவள் ஊரில் தாய்மாமன் அப்பாவுக்குச் சமம்.

"சீயா? என்ற தம்பியவா சீங்கற?" தெய்வாத்தாளின் பொட்டலம் முள்முள்ளாகக் கிளம்பியது, பாதி கிளம்பியதும், காற்றுப்போன சைக்கிள் டியூப் போலச் சுருங்கி, இல்லாமல் போயிற்று. காம்பவுண்டில் எல்லார் தலைக்கு மேலேயும் வெறும் ஆகாயம். வந்ததற்குக் காரணம் சொல்லாததைப் போலவே, போனதற்கும் சொல்லவில்லை. யோசனை ஒடியாவில் ஏதோ அழுதாள், தெய்வாத்தாள் தமிழில் ஏதோ அழுதாள், ஒருவர் அழுததும் மற்றவருக்குப் புரியவில்லை. ஏழாம் நம்பர் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பெட்டி கட்டும் சத்தம் கேட்டது.

மயில்வாகனம் பட்டறைக்கு ஓடி, ஒரு வாளி கறுப்பு மையோடு திரும்பி வந்து, காம்பவுண்டுச் சுவரில் கட்டம் போட்டான். முதல் கட்டத்தில் யோசனையின் ஓலை வீடு, வாசலில் அவள் அம்மா, பக்கத்தில் சாவியோடு தெய்வாத்தாள். இரண்டாம் கட்டத்தில் தெய்வாத்தாள் அந்த வீட்டிலிருந்து இறங்கி, தலையில் மூட்டை, கையில் குண்டானோடு நடந்துபோனாள். மூன்றாம் கட்டத்தில் அவள் தன் வீட்டு வாசலில் தம்பியோடு நின்றாள். ஓலை வீட்டு வாசலில் யோசனையின் அம்மா தனியாக இருந்தாள்.

தெய்வாத்தாள் இரண்டாம் கட்டத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"என்றா, என்னையவே காலி பண்ணச் சொல்றியா?"

"சின்னம்மாங்கற வீட்ட மட்டுந்தானுங்க்கா."

"இருபது நாளுதான்டா குடியிருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல வீடு."

பிறகு அவளே போய் ஏழாம் நம்பர் கதவைத் தட்டி, யோசனையின் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவருக்கு முன்னால் நிறுத்தி, மூட்டையோடு போகும் தன்னை விரலால் தொட்டுக் காட்டினாள். யோசனை மூன்று கட்டத்தையும் இரண்டு முறை பார்த்தாள். மை வாளியில் விரலைத் தோய்த்து, நாலாவது கட்டத்தைத் தானே வரைந்தாள்: ஊதுபத்தி தெய்வாத்தாள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, ஊதுபத்தி யோசனை ஒரு குண்டானை நீட்டினாள். வரைந்துவிட்டு, தெய்வாத்தாளின் காலைத் தொட்டு, புதிதாக ஒரு சொல் சொன்னாள்.

"அபா."

தெய்வாத்தாள் திடுக்கிட்டாள். "அப்பாவா?"

யோசனையின் அம்மாவுக்குக் கடிதம் நாலு கட்டத்தில் போனது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் யாரிடமும் கொடுக்காமல் தானே படித்த முதல் கடிதம் அதுதான். பதிலாக, கரித்துண்டால் வரைந்த ஒரு எருமையும், அதன் மேல் ஒரு கேள்விக்குறியும் வந்தன. மாப்பிள்ளையிடம் சொந்தமாக எருமை இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தை மாதத்தில் ரயிலிறங்கிய அந்த அம்மாளுக்கு ஏமாற்றம் தர மனமில்லாமல், பல்லடம் பக்கத்திலிருந்து பிடித்துவந்த ஒரு எருமையோடுதான் தெய்வாத்தாள் ஸ்டேஷன் வாசலில் நின்றாள்.

கல்யாணம் காம்பவுண்டுக்குள்ளேயே நடந்தது. நடுவே மயில்வாகனம் அக்காவின் காதருகே குனிந்து, "அபான்னா அவிங்க பாஷையில அக்காங்க்கா, அப்பா இல்ல," என்று சொல்லிப் பார்த்தான்.

"உனக்குத்தான்டா நான் அக்கா," என்றாள் தெய்வாத்தாள். "அவ என்னைய அப்பான்னுதான் கூப்பிட்டா. காதுல உழுந்தது உழுந்ததுதான்."

அதனால், தாரை வார்க்கும் நேரத்தில் ஐயர் நிமிர்ந்து, "பொண்ணோட அப்பா எங்கே?" என்று கேட்டபோது, பெண்ணின் அம்மா கலங்கிப்போய்ச் சுற்றிலும் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டு வரிசையிலிருந்து பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெய்வாத்தாள் எழுந்தாள். "இங்கதானுங் சாமி," என்று அந்தப் பக்கம் போய், யோசனையின் கைமேல் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். மேளம் கெட்டியாக முழங்க ஆரம்பித்ததும், நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவளும் தான்தான் என்பது நினைவுக்கு வந்து, செம்பை ஐயர் மடியில் போட்டுவிட்டு, மணவறையைச் சுற்றிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடினாள்.